வருகைப் பதிவேடும் வழங்கல் பதிவேடும்: பல்கலைக்கழக நூலகச் சொற்பொழிவுகள் பற்றிய ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

பல்கலைக்கழக நூலகங்களில் நிகழும் பொதுச் சொற்பொழிவுகளும் பண்பாட்டு நிகழ்வுகளும், எத்தனை நடந்தன, எத்தனை பேர் வந்தனர் என்னும் கணக்கைக் கொண்டே பெரும்பாலும் மதிப்பிடப்படுகின்றன. இக்கணக்கு நிகழ்வின் பரப்பைக் காட்டுமே அன்றி, அது நூலகத்தின் பணியாக அமைந்ததா என்பதைக் காட்டாது. எஸ். ஆர். அரங்கநாதன் நூலக விரிவுப்பணியைத் தம் ஐந்து விதிகளுள் மூன்றாவதோடு இணைத்துப் பேசியதை அடிப்படையாகக் கொண்டு, நிகழ்வுக்கும் நூல் தொகுதிக்கும் உள்ள உறவே அதன் மதிப்பைத் தீர்மானிக்கிறது என்பதை இக்கட்டுரை வாதிடுகிறது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் சொற்பொழிவு மரபு, இலங்கைத் தமிழரின் நினைவுப் பேருரை மரபு, ரோஜா முத்தையா தொகுப்பு ஆகியன சான்றுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நூலக விரிவுப்பணி, பொதுச் சொற்பொழிவு, ஐந்து விதிகள், அறக்கட்டளைச் சொற்பொழிவு, நினைவுப் பேருரை, குறுவெளியீடுகள்.

முன்னுரை

பிப்ரவரி 21 உலகத் தாய்மொழி நாள், ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், ஆகஸ்டு 12 நூலகர் நாள், நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் எனப் பல்கலைக்கழக நூலகங்களின் ஆண்டு நாட்காட்டி நிகழ்வுகளால் நிறைந்துள்ளது. இவற்றுக்கிடையே அறக்கட்டளைச் சொற்பொழிவுகள், நூல் வெளியீடுகள், புத்தகக் கண்காட்சிகள், கவியரங்கங்கள், ஓவிய, ஒளிப்படக் காட்சிகள் ஆகியனவும் நடைபெறுகின்றன. ஆண்டறிக்கையில் இவை ஒரு பட்டியலாகவும் சில ஒளிப்படங்களாகவும் இடம்பெறுகின்றன.

இப்பட்டியலைப் படிக்கும் எவருக்கும் எழ வேண்டிய ஐயம் ஒன்று உண்டு. ஒரே பேச்சாளர், ஒரே தலைப்பில், துறையின் கருத்தரங்கக் கூடத்தில் ஒரு முறையும் நூலக அரங்கில் ஒரு முறையும் பேசுகிறார் எனக் கொண்டால், இரண்டாவது பேச்சில் நூலகத்தின் பங்கு யாது? அரங்கும் ஒலிபெருக்கியும் நாற்காலிகளும் மட்டும்தான் என்றால், அங்கு நூலகம் ஒரு மண்டபமாக மட்டுமே பயன்பட்டிருக்கிறது. மண்டபமாகப் பயன்படுவது இழுக்கன்று. ஆயினும் அதை நூலகப் பணி என்று அறிக்கையில் எழுதும்போது, எழுதப்படாமல் போகும் வேறொரு பணி மறைந்துவிடுகிறது. அம்மறைவைப் பற்றியதே இக்கட்டுரை.

உரையில் உருவான விதிகள்

நூலகச் சொற்பொழிவைப் பற்றிய சிந்தனையை அரங்கநாதனிலிருந்து தொடங்குவது மரபு கருதி மட்டும் அன்று. அவருடைய விதிகளே உரையாடலிலும் சொற்பொழிவிலும் உருவம் பெற்றவை. சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த அவர், 1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகப் பொறுப்பேற்றார். வாசகர் வரவு அரிதாயிருந்த அவ்விடத்தின் தனிமை அவருக்குப் பொறுக்கவில்லை. சில நாள்களிலேயே கல்லூரிப் பணிக்குத் திரும்ப விரும்பினார் என்பது அவரைப் பற்றி எழுதிய பலரும் குறிப்பிடும் செய்தி. இலண்டனுக்குச் சென்று நூலகவியல் பயின்று, அங்குள்ள நூலகங்களைக் கண்டு, குரோய்டன் நூலகத் தலைவர் பெர்விக் சேயர்ஸின் வழிகாட்டலைப் பெற்றுத் திரும்பிய பிறகே அவருடைய மனம் அப்பணியில் நிலைத்தது.

ஆளில்லாத நூலகத்தில் தொடங்கிய பணி என்பது இங்கு நினைவில் கொள்ளத்தக்கது. அரங்கநாதனின் பிற்காலச் சிந்தனை முழுவதிலும் அந்த வெறுமைக்கான விடை தேடும் முயற்சி தெரிகிறது. 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றியது. அவ்வாண்டிலேயே விதிகளும் உருப்பெற்றன. பரந்து கிடந்த நூலக நடைமுறைகளைச் சில அடிப்படைகளுக்குள் அடக்க இயலாமல் அவர் தவித்திருந்த வேளையில், அவருடைய கணித ஆசிரியர் எட்வர்டு ராஸ் பேச்சுவாக்கில் முதல் விதியைச் சொல்லிவிட்டுப் போனார் என்பதும், மற்ற நான்கும் அதைத் தொடர்ந்து புலப்பட்டன என்பதும் நூலகவியல் மாணவர் அறிந்த வரலாறு. அவ்வாண்டு டிசம்பரில் சிதம்பரத்தில், பின்னர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பகுதியான மீனாட்சி கல்லூரியில், நடந்த கல்வி மாநாட்டில் அவ்விதிகள் சொற்பொழிவாக வெளிப்பட்டன. 1931இல் அவை நூலாயின. சென்னை நூலகச் சங்கம் அந்நூலை வெளியிட்டது.

உரையாடல், சொற்பொழிவு, நூல் என்னும் இந்த வரிசை தற்செயலானதாக இருக்கலாம். எனினும் இதில் ஒரு நெறி புலப்படுகிறது. சிதம்பரத்தில் கேட்டவர்களின் நினைவில் மட்டும் அவ்வுரை தங்கியிருந்தால் இன்று நூலகவியல் பாடத்திட்டத்தில் முதல் அலகாக இருக்கும் செய்தி இருந்திராது. பேச்சு நூலாகி நூலகத்துக்குத் திரும்பியதால்தான் பேச்சுக்கு அடுத்த தலைமுறையும் கேட்போராக அமைந்தது.

மூன்றாம் விதியின் இடம்

நூல்கள் பயன்பாட்டுக்கானவை, ஒவ்வொரு வாசகருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகர் கிடைக்க வேண்டும், வாசகரின் நேரத்தைப் பேண வேண்டும், நூலகம் வளரும் உயிரி என்பன ஐந்து விதிகளின் சாரம். சொற்பொழிவு, கண்காட்சி, விழா முதலியவற்றை உள்ளடக்கிய விரிவுப்பணியை அரங்கநாதன் இவற்றுள் மூன்றாவது விதியின் விளக்கத்தில் வைக்கிறார். திறந்த அடுக்கு முறை, அடுக்குகளில் நூல்களின் அமைவு, நூற்பட்டியல், வாசகருக்கு நூலைக் கண்டு காட்டும் நோக்கீட்டுப் பணி, விளம்பரம் ஆகியவற்றோடு ஒருங்கே அது பேசப்படுகிறது.

இந்த இடவமைப்பு இதுவரை பெற்றதைவிடக் கூடுதலான கவனத்துக்கு உரியது. விரிவுப்பணி என்றதும் மக்களை நோக்கிச் செல்லுதல், சமூகத்துக்குத் தொண்டாற்றுதல் என்னும் பொருளே பொதுவாக மனத்தில் எழுகிறது. அப்பொருளில் அது இரண்டாம் விதிக்குரியதாக, அதாவது வாசகரை முன்வைக்கும் விதிக்குரியதாக இருந்திருக்கலாம். ஆனால் அரங்கநாதன் அதை நூலின் பக்கம் நின்று பேசும் விதியோடு சேர்த்தார். அடுக்கில் எடுப்பாரின்றிக் கிடக்கும் நூல் தானாக எழுந்து சென்று வாசகரைத் தேட இயலாது. அதற்காகப் பேசவும் அதை எடுத்துக் காட்டவும் அதன் பெயரை ஒருவர் காதில் போடவும் நூலகம் செய்யும் ஏற்பாடே சொற்பொழிவு. இவ்வகையில் நூற்பட்டியலும் சொற்பொழிவும் ஒரே தொழிலின் இரு வடிவங்கள். ஒன்று எழுத்தில் வழிகாட்டுகிறது. மற்றொன்று குரலில் வழிகாட்டுகிறது. நூற்பட்டியல் நன்றாக இருக்கிறதா என்பதை அதைப் புரட்டியவர்களின் தொகையால் யாரும் மதிப்பிடுவதில்லை. புரட்டியவர் நூலை அடைந்தாரா என்பதாலேயே மதிப்பிடுகின்றனர். சொற்பொழிவுக்கு மட்டும் வேறு அளவுகோல் ஏன் என்பது விடை கூறப்பட வேண்டிய வினா.

இதற்கு மறுப்பும் உண்டு. அது எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கேட்டல் என்பது வாசிப்புக்கு முன்னுரை மட்டும்தானா? தமிழ் மரபு அவ்வாறு கருதவில்லை. திருக்குறளில் கல்வி நாற்பதாம் அதிகாரமாகவும் கல்லாமை நாற்பத்தொன்றாம் அதிகாரமாகவும் அமைய, அடுத்து நாற்பத்திரண்டாவதாகக் கேள்வி தனியே ஓர் அதிகாரம் பெறுகிறது. செவி வழி அறிவுக்கு அங்கு தனி மதிப்பு உண்டு. நூல் அரங்கேற்றமும் புராணப் பிரசங்கமும் கேட்போர் அவையையே நம்பியிருந்தன. நல்ல உரையைக் கேட்டு, ஒரு நூலையும் எடுக்காமல் வீடு திரும்பும் ஒருவர் எதையும் பெறவில்லை என்று கூறுவது பிழையாகும். ஆயினும் அந்த மதிப்பு எந்த அரங்கிலும் கிடைக்கக் கூடியது. கோயில் மண்டபத்திலும் தெருமுனையிலும் கிடைத்ததுதான். நூலகம் அவ்வரங்குகளோடு போட்டியிட வேண்டியதில்லை. பேச்சாளர் ஒரு நூலைக் குறிப்பிட்ட கணத்தில், அந்நூல் முப்பது அடி தொலைவில் இருக்கிறது என்னும் வாய்ப்பு நூலகத்துக்கு மட்டுமே உரியது. அந்த முப்பது அடியைக் கடக்க உதவாத நிகழ்வு, எவ்வளவு சிறந்த உரையாயினும், நூலகத்தின் தனிவாய்ப்பைப் பயன்படுத்தாத நிகழ்வே.

பேச்சு நூலான மரபு

சென்னைப் பல்கலைக்கழகத்தின் சொற்பொழிவு மரபில் இதற்கு நல்ல முன்மாதிரிகள் உண்டு. 1920களின் பிற்பகுதியில் உ. வே. சாமிநாதையர் அப்பல்கலைக்கழகத்தின் வேண்டுகோளை ஏற்று ஆற்றிய தொடர் சொற்பொழிவுகள் ‘சங்கத் தமிழும் பிற்காலத் தமிழும்’ என்னும் நூலாயின. சர் வில்லியம் மேயர் அறக்கட்டளைச் சொற்பொழிவுகளில் 1940–41ஆம் ஆண்டுக்குரியவை ராதாகுமுத் முகர்ஜியின் சந்திரகுப்த மௌரியர் பற்றிய நூலாகவும், 1942–43ஆம் ஆண்டுக்குரியவை ஆர். சி. மஜும்தாரின் கம்புஜ தேசம் பற்றிய நூலாகவும் வெளிவந்தன. திருக்குறள் பற்றிய சொர்ணம்மாள் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் 1959–60 முதல் 1968–69 வரையிலானவை தொகுக்கப்பட்டு, 1971இல் பல்கலைக்கழக வெளியீடாக வந்தன.

இவை நூலகம் நடத்திய நிகழ்வுகள் அல்ல. பல்கலைக்கழகமும் அறக்கட்டளைகளும் நடத்தியவை. இவ்வேறுபாட்டை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அவற்றின் முடிவிடம் நூலகமாக இருந்தது. சொற்பொழிவுக்கு அழைக்கப்பட்டவர், தம் உரை அச்சாகும் என்பதை அறிந்தே தயாரித்தார். மேற்கோள்களைச் சரிபார்த்தார், பக்க எண்களைக் குறித்துக்கொண்டார், அடுத்த நாள் எவரேனும் அடுக்கில் சென்று ஒப்பிட்டுப் பார்க்கக் கூடும் என்னும் அச்சம் அவர் பேச்சில் இருந்தது. ஆய்வுலகில் அச்சம் ஒரு நற்பண்பு. இன்றைய சிறப்புரைகள் பலவற்றில் குறைவது நாவன்மை அன்று, இந்த அச்சமே.

இலங்கைத் தமிழ்ச் சூழலில் இம்மரபு வேறு வடிவில் வளர்ந்தது. அங்கு நினைவுப் பேருரைகள் பல சிறு நூல்களாக அச்சிடப்படுகின்றன. அவற்றுள் சில உரை நிகழும் நாளிலேயே அவையோர் கையில் கிடைக்கும்படி ஆயத்தம் செய்யப்பட்டவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய பேராசிரியர் க. கைலாசபதி நினைவுப் பேருரை போன்றவை இவ்வகையின. பத்து, இருபது, நாற்பது பக்கங்கள் கொண்ட இச்சிறு நூல்கள் நூற்சந்தைக்கு உரியவை அல்ல. விலை குறிக்கப்படாதவையும் உண்டு. ஆயினும் 2005இல் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இத்தகைய நினைவுப் பேருரைகள் சேர்க்கப்பட்டிருப்பதால், யாழ்ப்பாணத்தில் ஒரு மாலையில் கூடிய அவை இன்று எவ்வூரில் இருந்தும் அணுகத்தக்கதாகியுள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டதைக் கண்ட ஒரு சமூகம், மாலை நேர உரையைக் கூட அச்சில் ஏற்றிப் பல படிகளாகப் பரப்பி வைக்க விரும்பியதில் வியப்பில்லை. அச்சிடும் வழக்கம் அவ்வழிவுக்கு முன்பும் இருந்ததுதான். அதன்பின் அதற்கு இன்னொரு பொருளும் சேர்ந்துகொண்டது.

இரண்டு பதிவேடுகள்

இன்று பல்கலைக்கழக நூலக நிகழ்வுகளில் பரவலாகக் காணப்படும் அமைப்பு வேறு. தமிழ்த்தாய் வாழ்த்தில் தொடங்கி நாட்டுப்பண்ணில் முடியும் நிகழ்ச்சிநிரலில் குத்துவிளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரை, பொன்னாடை அணிவித்தல், நினைவுப்பரிசு வழங்கல், நன்றியுரை ஆகியன இடம்பெறுகின்றன. சிறப்புரைக்கு எஞ்சுவது இவற்றுக்கிடையே உள்ள நேரம். வினா விடைக்கு எஞ்சுவது பெரும்பாலும் ஏதுமில்லை. அவையில் முதல் இரண்டு வரிசைகளில் அலுவலர்களும் பேராசிரியர்களும், பின்வரிசைகளில் வகுப்பிலிருந்து அழைத்துவரப்பட்ட மாணவர்களும் அமர்கின்றனர். ஒரு தாள் கைமாறி வருகிறது. அதில் பெயர், துறை, கையொப்பம் என மூன்று கட்டங்கள்.

அந்த வருகைத் தாளே நிகழ்வின் இறுதி ஆவணமாகி விடுகிறது. தேசியத் தர மதிப்பீட்டு மற்றும் அங்கீகாரக் குழுவுக்கு அளிக்க வேண்டிய சான்றுகளில் நிகழ்வு அறிக்கையும், புவிக்குறியிட்ட ஒளிப்படமும், பங்கேற்றோர் எண்ணிக்கையும் உரிய இடம் பெறுகின்றன. சான்று கேட்பது தவறன்று. பொதுப் பணத்தில் நடக்கும் நிறுவனம் கணக்குக் காட்ட வேண்டும். சிக்கல் யாதெனில், எது கணக்கில் வருமோ அதுவே நிகழ்வின் வடிவத்தைத் தீர்மானிக்கத் தொடங்குகிறது. ஒளிப்படத்தில் நிறைந்த அவை வேண்டும். எனவே வகுப்புகள் நிறுத்தப்படுகின்றன. பதாகையும் மேடையும் தெரிய வேண்டும். நூல்கள் தெரிய வேண்டியதில்லை. நூலகத்தின் நிகழ்வு ஒன்றில் மேடைக்குப் பின்னே நூலடுக்குக்குப் பதிலாக நெகிழிப் பதாகை நிற்கும் காட்சி எவருக்கும் உறுத்தாத அளவுக்குப் பழகிப்போய்விட்டது.

நூலகத்தில் இன்னொரு பதிவேடும் உண்டு. எந்த நூல், எந்நாளில், யாருக்கு வழங்கப்பட்டது என்பதைக் காட்டும் வழங்கல் பதிவேடு அது. முன்னர்த் தடித்த பேரேடாகவும் நூலின் பின்னட்டையில் ஒட்டிய நாள்சீட்டாகவும் இருந்தது. இன்று மென்பொருளில் இருக்கிறது. சொற்பொழிவு நடந்த நாளுக்குப் பின் வந்த இரண்டு வாரங்களில் அப்பொருளைப் பற்றிய நூல்கள் அடுக்கிலிருந்து நகர்ந்தனவா என்பதை அப்பதிவேட்டைக் கொண்டு சில நிமிடங்களில் அறியலாம். கையில் இருக்கும் தரவு இது. தனியே திரட்ட வேண்டியதில்லை. ஆயினும் வருகைத் தாளையும் வழங்கல் பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வழக்கம் நிகழ்வு அறிக்கைகளில் இடம்பெறவில்லை.

வழங்கல் பதிவேடு பிழையற்ற அளவுகோல் என்று கூற இயலாது. நூலை எடுத்துச் செல்லாமல் அங்கேயே இருந்து படிப்போர் உண்டு. மின்னூலைத் தேடுவோர் உண்டு. ஓர் உரை விதைத்த ஐயம் மூன்றாண்டு கழித்து ஒருவரை ஒரு நூலிடம் கொண்டு சேர்க்கலாம்; எந்த மென்பொருளும் அதைப் பதியாது. மேலும், வழங்கல் எண்ணிக்கையும் மதிப்பீட்டில் சேர்க்கப்பட்டால், அதையும் உயர்த்திக் காட்டும் வழிகள் விரைவில் கண்டுபிடிக்கப்படும். எனவே ஓர் எண்ணுக்குப் பதிலாக இன்னோர் எண்ணை வைப்பது இங்கு நோக்கமன்று. வழங்கல் பதிவேட்டை நோக்கும் பழக்கம் ஏற்பட்டால் நிகழ்வைத் திட்டமிடும் முறை மாறும் என்பதே கருத்து.

எவ்வாறு மாறும் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் காணலாம். சிலப்பதிகாரப் பதிப்பு வரலாறு என்பது சொற்பொழிவின் பொருள் எனக் கொள்வோம். 1892இல் வெளிவந்த உ. வே. சாமிநாதையரின் பதிப்பு, 1939இல் வெளிவந்த வி. ஆர். இராமச்சந்திர தீட்சிதரின் ஆங்கில மொழிபெயர்ப்பு, ந. மு. வேங்கடசாமி நாட்டாரின் உரை எனப் பழைய தமிழ்த் தொகுதியுடைய ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் இவற்றுள் சிலவேனும் இருக்கும். வழக்கமான நிகழ்வில் இவை பேச்சாளரின் வாயில் பெயர்களாக வந்துபோகும். நூலகம் தன் பணியாகக் கருதி நடத்தும் நிகழ்வில், அழைப்பிதழிலேயே இந்நூல்களின் அழைப்பு எண்கள் இருக்கும். அரங்கின் வாயிலில் ஒரு மேசையில் அவை விரித்து வைக்கப்பட்டிருக்கும். அரிய பதிப்பைக் கையாளத் தெரிந்த நூலகப் பணியாளர் ஒருவர் அருகில் இருப்பார். உரை முடிந்ததும் கேட்டவர் அங்கேயே பக்கத்தைப் புரட்டி, பேச்சாளர் சொன்ன பாடவேறுபாடு உண்மையில் அவ்வாறே இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லை என்றால் வினா எழுப்புவார். இதற்குக் கூடுதல் நிதி தேவையில்லை. பொன்னாடைக்கு ஆகும் செலவைவிடக் குறைவே. தேவைப்படுவது, பேச்சாளரை முன்கூட்டியே அணுகி, அவர் குறிப்பிடப் போகும் நூல்களின் பட்டியலைப் பெறும் ஒரு நூலகர். நடைமுறையில் நூலகர் வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் பொறுப்பாளராக ஒதுக்கப்பட்டு விடுகிறார். அரங்கநாதன் நூலகரிடம் எதிர்பார்த்த நோக்கீட்டுப் பணி அரங்கத்தின் வாயிலோடு நின்றுவிடுகிறது.

கண்காட்சிகளுக்கும் இது பொருந்தும். ஒரு மாறுதல் மட்டும் உண்டு: கண்காட்சியில் பொருள் கண்முன்னே இருப்பதால், சொற்பொழிவைக் காட்டிலும் அது மூன்றாம் விதிக்கு இயல்பாகவே நெருங்கி நிற்கிறது. சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழக நூலகக் கட்டடத்திலேயே நெடுங்காலம் இயங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகம் போன்ற ஒரு தொகுதி அருகிருக்கும்போது, ஓலைச்சுவடி பற்றிய உரைக்குப் படக்காட்சி எதற்கு என்று கேட்கத் தோன்றும். கவியரங்கம், பட்டிமன்றம் ஆகியன பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அவை மாணவர் கூடும் எந்த இடத்திலும் நிகழத் தக்கவை. நூலகத்தோடு அவற்றுக்குச் சிறப்புறவு ஏற்படுத்துவது கடினம். வலிந்து ஏற்படுத்தவும் வேண்டியதில்லை.

வாயிலில் நிற்கும் வாசகர்

இதுவரை கூறியவை பல்கலைக்கழகத்துக்கு உள்ளிருப்போரைப் பற்றியவை. பொதுச் சொற்பொழிவு என்னும் தொடரில் உள்ள ‘பொது’ என்னும் சொல் இன்னொரு சிக்கலை எழுப்புகிறது. அழைப்பிதழின் அடியில் அனைவரும் வருக என்று அச்சிடப்படுகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர், பதிவு செய்யாமல் தாமே ஆய்வு செய்யும் உள்ளூர் வரலாற்று ஆர்வலர், வேலை தேடும் பட்டதாரி, எழுத்தாளர் ஆகியோர் அவ்வழைப்பை நம்பி வருகின்றனர். உரையைக் கேட்கின்றனர். ஒரு நூலின் பெயரைக் குறித்துக்கொள்கின்றனர். பிறகு அந்நூலைப் பார்க்க விரும்பினால், பல்கலைக்கழக நூலக உறுப்பினர் உரிமை மாணவருக்கும் ஆசிரியருக்கும் பணியாளருக்கும் உரியது என்னும் விதி எதிர்நிற்கிறது. வெளியார் பயன்படுத்த வழி உள்ள இடங்களிலும் பரிந்துரைக் கடிதம், அடையாளச் சான்று, கட்டணம் எனப் படிகள் உண்டு. அரங்கின் கதவு திறந்திருக்க, அடுக்கின் கதவு மூடியிருக்கிறது.

ஒருவருக்கு ஒரு நூலின் மீது ஆவலை ஊட்டிவிட்டு அந்நூலை அவருக்கு மறுப்பது, ஆவலை ஊட்டாமல் இருப்பதைக் காட்டிலும் கடுமையானது. மூன்றாம் விதியை நிறைவேற்ற எழுந்த நிகழ்வு இரண்டாம் விதியை மீறுவதில் முடிகிறது. பல்கலைக்கழக நூலகம் பொது நூலகம் அன்று, அதன் நூல் நிதி மாணவருக்காக ஒதுக்கப்பட்டது, இருக்கைகளும் பணியாளரும் குறைவு என்னும் விடை நியாயமானதே. அப்படியாயின் இரவல் வழங்க வேண்டியதில்லை. சொற்பொழிவுக்கு வந்தவருக்கு அன்று அல்லது அவ்வாரம் மட்டும் செல்லும் ஒரு வாசகர் சீட்டு, உரையோடு தொடர்புடைய நூல்களை நூலகத்திலேயே அமர்ந்து பார்க்க இசைவு என்னும் அளவில் ஏற்பாடு செய்வது எந்த நூலகத்துக்கும் இயலும். நிகழ்வைப் பொதுச் சொற்பொழிவு என்று அழைப்பதற்கு உரிய குறைந்த அளவு நேர்மை அது. இயலாது எனில் அழைப்பிதழில் அச்சொல்லைத் தவிர்த்துவிடலாம்.

1931இல், ஐந்து விதிகள் நூலாக வெளிவந்த அதே ஆண்டில், மன்னார்குடி வட்டாரத்தில் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமங்களுக்குக் கொண்டுசென்ற முயற்சி நடந்தது. நூலகத்தின் வாயிலைத் தாண்டி நூல் வெளியே சென்ற காட்சி அது. இன்றைய நிகழ்வுகளில் வாயிலைத் தாண்டி மக்கள் உள்ளே வருகின்றனர். நூல் மட்டும் நகராமல் இருக்கிறது.

அழைப்பிதழின் கதி

கோட்டையூரில் பெயர்ப்பலகை ஓவியராக வாழ்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளில் திரட்டிய தொகுப்பு, 1992இல் அவர் மறைந்த பிறகு, 1994இல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் சென்னைக்கு வந்து ஆராய்ச்சி நூலகமாயிற்று. அத்தொகுப்பின் தனிச்சிறப்பு நூல்களாலும் இதழ்களாலும் மட்டும் அமைந்ததன்று. நாடகத் துண்டறிக்கைகள், அழைப்பிதழ்கள், கடிதங்கள் என, பயன்பட்ட மறுநாள் தூக்கி எறியப்படும் தாள்களும் அதில் உண்டு. அக்காலத்து நாடகமேடை பற்றியும், அச்சுத் தொழில் பற்றியும், பொதுக்கூட்டங்கள் பற்றியும் எழுத முனைவோர்க்கு அத்தாள்கள் இன்று முதன்மைச் சான்றுகள். எந்த ஊரில், எந்த நாளில், யார் தலைமையில், எந்தப் பொருளில், என்ன கட்டணத்தில் என்பதை வேறெந்த நூலும் அவ்வளவு துல்லியமாகச் சொல்லாது.

தனியொருவர் ஒரு சிற்றூரில் இருந்துகொண்டு பிறர் நடத்திய நிகழ்வுகளின் துண்டறிக்கைகளைப் பாதுகாத்தார். பல்கலைக்கழக நூலகங்கள் தாமே நடத்தும் நிகழ்வுகளின் அழைப்பிதழ்களைப் பாதுகாக்கின்றனவா என்னும் வினா இவ்விடத்தில் எழாமல் இருக்க இயலாது. இன்றைய அழைப்பிதழ் பெரும்பாலும் புலனத்தில் பகிரப்படும் ஒரு படம். நிகழ்வு முடிந்த வாரத்தில் கைபேசியின் இடத்தை மீட்க அது அழிக்கப்படுகிறது. காணொளிப் பதிவு இணையத்தில் ஏற்றப்பட்டால் நல்வாய்ப்பு. ஆனால் அது தனியார் தளம் ஒன்றில், ஒரு துறையின் அல்லது ஓர் ஆசிரியரின் கணக்கில், சிறப்புரை 3, நூலக விழா என்பன போன்ற தலைப்புகளோடு கிடக்கிறது. பேச்சாளரின் பெயரால் தேடினாலும் பொருளால் தேடினாலும் அது நூலகப் பட்டியலில் அகப்படாது. கணக்குக்கு உரியவர் பணிமாறுதல் பெற்றால் பதிவின் கதி அவர் நினைவாற்றலைப் பொறுத்தது. தம் அரங்கில் நிகழ்ந்த உரையைத் தம் பட்டியலில் சேர்க்காத நூலகம், பிறர் நூல்களை மட்டும் பேணிக்கொண்டு, தன் வாழ்வை ஆவணமாக்கத் தவறுகிறது.

இதன் இழப்பு ஆய்வாளருக்கே மிகுதி. ஒரு பேராசிரியர் பின்னாளில் நூலில் எழுதிய கருத்தை முதலில் எங்கு, எந்த அவையில், எவ்வடிவில் வெளியிட்டார் என்பது அறிவு வரலாற்றில் முக்கியமான செய்தி. அச்சான சொர்ணம்மாள் சொற்பொழிவுகளுக்கு அதைச் சொல்ல இயலும். அண்மைய பத்தாண்டுகளில் நிகழ்ந்த எண்ணற்ற சிறப்புரைகளுக்குச் சொல்ல இயலாது. ஆய்வேட்டின் துணைநூற்பட்டியலில் ஒரு சொற்பொழிவைச் சான்றாகக் காட்ட விரும்பும் மாணவர், அழைப்பு எண்ணோ நிலையான முகவரியோ இல்லாத ஒன்றை எவ்வாறு காட்டுவார்? காட்டாமல் விட்டுவிடுகிறார். கேட்டதால் பெற்ற கருத்து உரியவர் பெயரின்றி ஆய்வேட்டில் கலந்துவிடுகிறது.

ஒரு சொற்பொழிவை நூற்பட்டியலில் சேர்க்கப் புதிய கருவி எதுவும் தேவையில்லை. பேச்சாளர், தலைப்பு, நாள், இடம், அறக்கட்டளையின் பெயர், உரையின் எழுத்து வடிவம் அல்லது ஒலிப்பதிவு, உரையில் குறிப்பிடப்பட்ட நூல்களின் அழைப்பு எண்கள், அழைப்பிதழின் ஒரு படி ஆகியன கொண்ட ஒரு பதிவு போதும். நூலகங்களில் இன்று பயன்பாட்டில் உள்ள பட்டியல் மென்பொருள்கள் நூலல்லாத பொருள்களையும் பதிய இடம் தருகின்றன. பேச்சாளரிடம் மதிப்பூதியத்துக்கான படிவத்தில் கையொப்பம் பெறும்போதே, உரையைப் பதியவும் பேணவும் இசைவு பெறும் ஒரு வரியையும் சேர்த்துவிடலாம். வருகைத் தாளைக் கோப்பில் வைக்கும் அதே மாலையில் அப்பதிவுக்கும் ஒரு சேர்க்கை எண் இடப்படுமானால், அடுத்த ஆண்டு அதே பொருளில் நூல் தேடி வரும் மாணவர் அடுக்கில் உள்ள நூல்களோடு அவ்வுரையையும் ஒரே தேடலில் காண்பார்.